‘மூச்சு வாங்குதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள்

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவரிடம் ‘மூச்சு வாங்குதா?’ என்று கேட்டால், பெரும்பாலும் ‘அப்படி ஒண்ணும் இல்லை டாக்டர்’ என்ற பதில்தான் வரும். அவர் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். மூச்சு வாங்க வைக்கிற காரியங்களை ஒவ்வொன்றாக ஏற்கெனவே விட்டிருப்பார். முதலில் மாடிப்படி போகும். அப்புறம் வேகமாக நடப்பது, கனமான பையைத் தூக்குவது, பேரப்பிள்ளையைத் துரத்தி விளையாடுவது. நோய் வளர வளர வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வரும். சுருங்கிய அந்த எல்லைக்குள் மூச்சு வாங்காது. அதனால் அவர் சொல்வது உண்மைதான்.

குடும்ப மருத்துவராக இத்தனை வருடம் வேலை பார்த்ததில் நான் கற்றதையெல்லாம் ஒரு கேள்வியாகச் சுருக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ‘போன வருஷம் செஞ்சு, இப்ப விட்டது என்ன?’

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரைக்காக வழக்கமாக வருகிறவர். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் இருமல். ‘அது சிகரெட் இருமல், பழகிப்போச்சு’ என்பார். ஒரு முறை அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டார். ‘மேல் ரூம்ல படுக்கறதை விட்டுட்டார், கீழேயே கட்டில் போட்டாச்சு. குளிக்கும்போது ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறார். போன்ல பேசினா பாதியில என்கிட்ட குடுத்துடறார்.’ பெரியவர் ஆச்சரியத்தோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனையையும் விட்டிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து, இருமலும் புகைப்பழக்கமும் உள்ள யாராக இருந்தாலும் அடுத்த முறை வீட்டில் இருக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். கூட வாழ்கிறவர்கள் கண்ணில் படுவது பரிசோதனை அறையில் என் கண்ணில் படாது.

சிஓபிடி என்று எங்கள் தொழிலில் சொல்கிற இந்த நோயில் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போகின்றன. காற்றுப் பைகளின் சுவர்களும் அழிகின்றன. உள்ளே இழுக்கிற காற்றைவிட வெளியே விடுகிற காற்றுக்குத்தான் தடை அதிகம். போன மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடும். பாதி தண்ணீர் கிடக்கிற குடத்தில் மேலும் மேலும் ஊற்றுவது மாதிரி, நெஞ்சு எப்போதும் நிரம்பியே இருக்கும். புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. அதனால்தான் வேகமாக நடந்தவுடன் திணறல் வருகிறது. வேகமாக மூச்சு விட விட, காற்று இன்னும் அதிகமாகத் தேங்குகிறது.

2021-இல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்றும், இறப்புக்கான காரணங்களில் இது நான்காவது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பெரிய நோயைப் பற்றி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நடக்கிற பேச்சில் கால்பங்குகூட நடப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? என் வேலை நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே தொடங்கிவிடும். காத்திருக்கும் இடத்திலிருந்து என் மேசை வரைக்கும் அவர் நடந்து வருவதைப் பார்ப்பேன். உட்கார்ந்ததும் பேசுகிறாரா, இல்லை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு அப்புறம் பேசுகிறாரா? ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா? கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்கிறாரா? உதட்டைக் குவித்து ஊதுகிறாரா? ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம் மூச்சிரைப்புக்கென்று ஒரு அளவுகோல் இருக்கிறது, 0 முதல் 4 வரை. கடுமையான உழைப்பில் மட்டும் மூச்சு வாங்கினால் 0. சமதரையில் அவசரமாக நடந்தாலோ, லேசான மேட்டில் ஏறினாலோ வாங்கினால் 1. தன் வயதுக்காரர்களைவிட மெதுவாக நடக்க வேண்டியிருந்தால், அல்லது தன் வேகத்தில் நடக்கும்போதே நிற்க வேண்டியிருந்தால் 2. நூறு மீட்டர் போல நடந்ததும் நின்றால் 3. உடை மாற்றவே மூச்சு வாங்கி, வீட்டை விட்டு வெளியே போக முடியாவிட்டால் 4. இந்த எண்ணை ஒவ்வொரு முறையும் கோப்பில் எழுதி வைக்கிறேன். ஒரு வருடத்தில் 1 என்பது 2 ஆகியிருந்தால், நோயாளி ‘அப்படியேதான் இருக்கேன்’ என்று சொன்னாலும் நான் அப்படியே விடுவதில்லை.

ஆனால் மூச்சிரைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் வைத்துவிடக் கூடாது. இரத்தசோகையில் மூச்சு வாங்கும், இதயம் பலவீனமானால் வாங்கும், உடல் பருமனில் வாங்கும், ஆஸ்துமாவில் வாங்கும். உறுதி செய்ய ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனை வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக, நுரையீரல் காலியாகும் வரை ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடியும் ஊதச் சொல்வோம். மொத்தம் ஊதிய காற்றில் முதல் வினாடியில் வெளியேறிய பங்கு, மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலையானது என்று பொருள். லண்டனைச் சேர்ந்த ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1846-இலேயே ஸ்பைரோமீட்டரைப் பற்றி எழுதிவிட்டார். அவ்வளவு பழைய கருவி இது. அப்படியிருந்தும், ஒரு முறைகூட ஊதிப் பார்க்காமலேயே வருடக்கணக்கில் இன்ஹேலர் போடுகிறவர்களை நான் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்பு எக்ஸ்ரே எடுத்து, ‘நுரையீரல் நல்லா இருக்கு’ என்று யாரோ சொன்னதை நம்பி வருகிறவர்களும் உண்டு. எக்ஸ்ரே வேண்டியதுதான், காசநோயோ, கட்டியோ, இதய வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் எக்ஸ்ரே இயல்பாக இருந்தால் சிஓபிடி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, புகைபிடிக்காதவர்களுக்கும் இது வரும். என்னிடம் வந்த ஒரு அம்மா சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை. பல வருடம் காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகுப் புகைக்கு நடுவில் சமைத்தவர். ஆஸ்துமா என்று ஒருவர் சொல்லியிருந்தார், வயதாகிவிட்டது என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். ‘எத்தனை வயசு வரைக்கும் அடுப்புப் புகையில சமைச்சீங்கம்மா?’ என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. ஊதிப் பார்த்ததில் விஷயம் தெரிந்துவிட்டது. விறகு, கரி, சாணம் எரிக்கும் வீட்டுப் புகை, சுரங்கத் தூசி, சிமென்ட் தூசி, பஞ்சுத் தூசி, சின்ன வயதில் அடிக்கடி வந்த நெஞ்சுத் தொற்று, காசநோய் ஆறியபின் நுரையீரலில் மிஞ்சிய தழும்பு எல்லாமே இந்த நோய்க்கு வழிதான். பணக்கார நாடுகளில் சிஓபிடி நோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் புகைப்பழக்கத்தால் வருகிறது. மற்ற நாடுகளில் அந்தப் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான். ‘என்ன வேலை பார்த்தீங்க, எங்க பார்த்தீங்க, எதுல சமைச்சீங்க’ என்று கேட்காமல் நெஞ்சைப் பரிசோதிப்பது பாதி வேலைதான்.

இனி இன்ஹேலர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். எனக்குத் தெரிந்து இந்த நோயில் மருந்து வேலை செய்யாமல் போவதைவிட, மருந்து போய்ச் சேராமல் இருப்பதுதான் அதிகம்.

ஒவ்வொரு முறை வரும்போதும் இன்ஹேலரைக் கையோடு கொண்டு வரச் சொல்லி, ‘வீட்ல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்க’ என்பேன். நடுவில் குறுக்கிட மாட்டேன், திருத்த மாட்டேன், முழுக்கப் பார்ப்பேன். அப்போது தெரிகிற விஷயங்கள் இருக்கின்றனவே! ஒருவர் மூடியைக் கழற்றாமலேயே அழுத்துவார். ஒருவர் அழுத்தி முடித்த பிறகு மூக்கால் இழுப்பார். ஒருவர் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வாசனைத் திரவியம் அடிப்பது போல அடிப்பார். இன்னொருவர் கருவியில் வைத்து உறிஞ்ச வேண்டிய மாத்திரைக் குப்பியை, அதாவது பொடி அடைத்த கேப்ஸ்யூலை, தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். சீட்டில் ‘தினமும் ஒன்று’ என்றுதான் இருந்தது, அவரும் தினமும் ஒன்று சாப்பிட்டார். அவர் பக்கம் என்ன தப்பு?

அழுத்தும் வகை இன்ஹேலரை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக்கிக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பித்தவுடன் அழுத்த வேண்டும். நான்கைந்து வினாடி தொடர்ந்து இழுத்து, பத்து வினாடி அல்லது முடிந்த வரைக்கும் அடக்கி, மெல்ல விட வேண்டும். இரண்டாவது பஃப், அதாவது இன்னொரு அழுத்து, வேண்டுமென்றால் அரை நிமிடமாவது பொறுத்துப் போட வேண்டும். பொடி வகை நேர் எதிர். அதை வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி பறந்து உள்ளே போகும். அதற்குள் மூச்சை ஊதவே கூடாது. ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். குப்பி போடும் கருவியில் இழுக்கும்போது குப்பி உள்ளே சுற்றுகிற ‘கிர்ர்’ சத்தம் காதில் விழ வேண்டும். முடித்ததும் குப்பியைத் திறந்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். பொடி மிச்சம் இருந்தால் மறுபடியும் இழுக்க வேண்டும்.

ஒரே ஆளுக்கு ஒரு வேளை அழுத்தும் வகையும் இன்னொரு வேளை பொடி வகையும் எழுதிக் கொடுத்தால் குழப்பம் நிச்சயம். ஒன்றை மெதுவாகவும் மற்றொன்றை வேகமாகவும் இழுக்க வேண்டும் என்பதை எந்த முதியவர் நினைவில் வைத்திருப்பார்? முடிந்த வரை ஒரே வகைக் கருவியில் எல்லா மருந்தும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வேன். கை நடுங்குகிறவர்களுக்கும், அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய வராதவர்களுக்கும் ஸ்பேசர் என்கிற குழல் ரொம்ப உதவியாக இருக்கும். அதில் மருந்து தொண்டையில் படிவது குறைந்து நுரையீரலுக்குப் போவது கூடும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரும், குரல் கம்மும். எண்ணிக்கை காட்டும் கருவி இல்லாத இன்ஹேலரில் மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். தொடங்கிய தேதியை அதன் மேல் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

‘இன்ஹேலர் போட்டா பழகிடுமாமே, மாத்திரை குடுங்க’ என்று கேட்காத குடும்பமே இல்லை எனலாம். அவர்களிடம் கணக்கைச் சொல்லிவிடுவேன். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் என்ற மருந்து ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதைப்போல 40 மடங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, இதயத்தைப் படபடக்க வைத்து, கையை நடுங்க வைத்து, அப்புறம்தான் கொஞ்சம் நுரையீரலுக்குப் போகிறது. பஃப் நேராக வேண்டிய இடத்துக்குப் போகிறது. இதைக் கேட்டபின் மறுக்கிறவர்கள் குறைவு.

எந்த மருந்து யாருக்கு என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பொதுவாக, நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் இரண்டு வகை மருந்துகள் அடித்தளம். ஸ்டீராய்டு இன்ஹேலர் எல்லாருக்கும் வேண்டியதில்லை. அடிக்கடி நோய் திடீரென்று முற்றுகிறவர்களில், இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருப்பவர்களுக்கு அது நல்ல பலன் தரும். 100-க்குக் கீழே இருந்தால் பலன் குறைவு. நிமோனியா வரும் ஆபத்து மட்டும் கூடும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிகிற ஒரு எண் இவ்வளவு உதவுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக இன்ஹேலரை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அடுத்த முறை போகும்போது உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அது போதும்.

சிகரெட் விஷயத்தில் நான் பிரசங்கம் செய்வதில்லை. புகைபிடிக்கிற எல்லாருக்கும் அது கெடுதல் என்று தெரியும். 1977-இல் ஃப்ளெட்சர், பீட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட வரைபடம் ஒன்று உண்டு. அதைத்தான் காகிதத்தில் பேனாவால் போட்டுக் காட்டுவேன். வயது ஏற ஏற எல்லாருடைய நுரையீரல் திறனும் இறங்கும். புகையால் பாதிக்கப்படுகிறவருக்கு அது செங்குத்தாக இறங்கும். நிறுத்திய நாளிலிருந்து அந்தச் சரிவு புகைபிடிக்காதவருடைய சரிவை ஒட்டி மாறிவிடும். போனது திரும்பாது, ஆனால் மிச்சம் தங்கும். 45 வயதில் நிறுத்தினால் எங்கே போய்ச் சேருவார், 65 வயதில் நிறுத்தினால் எங்கே என்று இரண்டு கோடுகளையும் போட்டுக் காட்டும்போது, ‘இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது’ என்று சொன்னவர்களும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, சூயிங்கம், வேரனிக்லின் மாத்திரை என்று உதவிகள் இருக்கின்றன. மன உறுதியை மட்டும் நம்பி விடச் சொல்வது நியாயமில்லை. ஒரு முறை விட்டுவிட்டு மறுபடியும் தொடங்கியவரைத் திட்டினால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்.

நடைதான் அடுத்த மருந்து. மூச்சு வாங்குகிறது என்று நடப்பதை நிறுத்தினால் கால் தசை கரையும். தசை கரைந்தால் அதே தூரத்துக்கு இன்னும் அதிக மூச்சு தேவைப்படும். அப்புறம் இன்னும் குறைவாக நடப்பார். முதலில் சொன்ன அந்தச் சுருக்கத்தை உள்ளிருந்து இழுப்பது இந்தச் சுழற்சிதான். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஆறு முதல் எட்டு வாரத் திட்டம் இருக்கிறது. அது கிடைக்கிற இடத்தில் கட்டாயம் சேர்த்துவிடுவேன். மூச்சிரைப்பைக் குறைப்பதில் பல மருந்துகளைவிட அது மேல். கிடைக்காத இடத்தில், தினமும் நடக்க வேண்டும், பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கலாம், அதற்கு மேல் போனால் நின்று ஓய்வெடுத்து மறுபடியும் நடக்கலாம் என்று எழுதிக் கொடுப்பேன். ‘மூச்சு வாங்கறது ஆபத்து இல்லை’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பயம்தான் காலைக் கட்டிப்போடுகிறது.

கூடவே, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை ஊதக் கற்றுக் கொடுப்பேன். படி ஏறும்போது அடி எடுத்து வைக்கும் நேரத்தில் ஊத வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு ஏறக் கூடாது. திணறல் வரும்போது கையடக்க விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தால் கன்னத்தில் படுகிற காற்றே மூச்சிரைப்பைத் தணிக்கிறது. சின்ன விஷயமாகத் தெரியும், செய்து பார்த்தவர்கள் விடுவதில்லை.

தடுப்பூசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஃபுளுவென்சாவுக்கு வருடா வருடம், நிமோகாக்கஸுக்கு, கோவிட்டுக்கு, கிடைக்கிற இடத்தில் வயதானவர்களுக்கு ஆர்எஸ்வி வைரஸுக்கும் போட வேண்டும்.

குடும்ப மருத்துவராக இருப்பதில் ஒரு வசதி, நோயாளியின் மற்ற நோய்களும் என் கோப்பில்தான் இருக்கும். சிஓபிடி தனியாக வருவதே அபூர்வம். இதய நோய் கூட வரும், எலும்பு தேயும், எடை குறையும், நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்தும் உண்டு. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தையும் பார்க்க வேண்டும். இருமலில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ சிஓபிடி கணக்கில் எழுதிவிட்டுப் போகக் கூடாது. இதய நோய்க்காகக் கொடுத்த பீட்டா பிளாக்கர் மாத்திரையை ‘நெஞ்சுக்கு ஆகாது’ என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதயத்தைக் குறிவைக்கும் வகை பெரும்பாலான சிஓபிடி நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது, நிறுத்தினால்தான் சிக்கல்.

மனசும் அப்படித்தான். மூச்சு முட்டுவது மாதிரி பயம் தருகிற அனுபவம் வேறு எதுவும் இல்லை. இரவில் திணறி எழுந்தவர் அடுத்த இரவு தூங்கவே அஞ்சுவார். ‘தூக்கம் எப்படி? மனசு எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அழுதவர்கள் உண்டு. அங்கே தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பது எளிது, ஆனால் அது மூச்சை அமுக்கும். பேச நேரம் ஒதுக்குவதும், வேண்டுமானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதும்தான் சரியான வழி.

நோய் திடீரென்று முற்றும் காலங்கள் வரும். வழக்கத்தைவிட மூச்சிரைப்பு கூடும், சளி அதிகமாகும், சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். என் நோயாளிகளிடம் ஒரு பக்கத் தாள் ஒன்று இருக்கும். நல்ல நாளில் என்ன மருந்து, மோசமான நாளில் எதைக் கூட்ட வேண்டும், எப்போது எனக்குப் போன் செய்ய வேண்டும், எப்போது என்னைக் கேட்காமலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கும். இதைச் சாதாரண நாளில், அவர் தெளிவாக இருக்கும்போது உட்கார்ந்து எழுத வேண்டும். திணறிக்கொண்டிருக்கிற ஆள் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள மாட்டார். உதடோ நகமோ நீலமாவது, முழு வாக்கியம் பேச முடியாமல் போவது, வழக்கத்துக்கு மாறான மயக்கம், குழப்பம், தூக்கக் கலக்கம், நெஞ்சுவலி, நிவாரண இன்ஹேலர் போட்டும் அடங்காத திணறல் ஆகியவை ஆம்புலன்ஸுக்கான அறிகுறிகள்.

இந்த நேரத்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். 2013-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வில் ஐந்து நாளும் பதினான்கு நாளும் ஒரே பலனைத்தான் தந்தன. அந்த ஐந்து நாளில் கிடைத்த சுகத்தைப் பார்த்துவிட்டு, அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு பதைக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும், தசை கரையும், முகம் உப்பும். ஆன்டிபயாடிக்கும் ஒவ்வொரு இருமலுக்கும் வேண்டியதில்லை. சளியின் நிறம் மாறுவதுதான் முக்கியமான துப்பு.

ஆம்புலன்ஸில் போகும்போது ‘இவருக்கு சிஓபிடி இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நோயில் அளவுக்கு மீறின ஆக்சிஜன் கெடுதல் செய்யும். கரியமில வாயு இரத்தத்தில் ஏறி ஆளை மயக்கத்தில் தள்ளும். சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, 88 முதல் 92 சதவீதம் வரை இருக்கும்படி அளந்து கொடுப்பதுதான் முறை. 2010-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே அளந்து கொடுத்தவர்களில் இறப்பு குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. பயந்துபோன குடும்பத்தினர் ‘இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க’ என்று கெஞ்சுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பின முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இரண்டு வாரத்துக்குள் ஒரு முறையாவது என்னை வந்து பார்க்கச் சொல்கிறேன். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்வேன். மேசையில் கொட்டிப் பார்த்தால், பழைய இன்ஹேலரும் மருத்துவமனையில் கொடுத்த புது இன்ஹேலரும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கவும் இதுதான் நேரம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஊதிப் பார்த்து, நுரையீரல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்வது பற்றி நிறையக் கேட்கிறார்கள். நல்ல நிலையில், ஓய்வாக இருக்கும்போதே சாச்சுரேஷன் 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு, தினமும் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது. 1980, 1981-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த ஆய்வுகளிலிருந்து இது தெரியும். அதைவிட லேசான குறைவு உள்ளவர்களுக்குப் பெரிய பலன் இல்லை என்று 2016-இல் வந்த ஆய்வு சொன்னது. ஆக, மூச்சிரைப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் இயந்திரம் வாங்கி வைக்க வேண்டியதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு உள்ள விரலிலும் தவறாகக் காட்டலாம், கருமையான தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். முடிவெடுக்கும் முன் இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்வது நல்லது. ஆக்சிஜன் ஓடுகிற அறையில் சிகரெட், மெழுகுவர்த்தி, அடுப்பு எதுவும் கூடாது. தீப்பிடித்து முகம் வெந்தவர்கள் உண்டு.

நோய் ரொம்ப முற்றிய நிலையில் ஒரு பேச்சு இருக்கிறது. எல்லா மருத்துவர்களும் தள்ளிப்போடுகிற பேச்சு. அடுத்த முறை மோசமானால் வென்டிலேட்டர் வேண்டுமா, முகமூடி மூலம் மூச்சு கொடுக்கும் கருவி வரைக்கும் போதுமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா? இதைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், நள்ளிரவில், அந்த ஆளை முதல் முறையாகப் பார்க்கிற மருத்துவர் பிள்ளைகளிடம் கேட்பதைவிட, வருடக்கணக்காகத் தெரிந்த நான் அவரிடமே ஒரு மத்தியானம் கேட்பது மேல். ‘இன்னிக்கே முடிவு சொல்ல வேண்டாம், வீட்ல பேசிட்டு வாங்க’ என்று சொல்லித்தான் தொடங்குவேன். ஒரு அம்மா தன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ‘குழாய் மட்டும் வேண்டாம் டாக்டர், மாஸ்க் போடுங்க, மத்தபடி வீட்ல இருக்கேன்’ என்றார். மகள் முதலில் மறுத்தாள், அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொன்னதை அவர்கள் முன்னாலேயே எழுதி, அம்மா கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி என் கோப்பிலும் ஒரு பிரதி மகளிடமும் ஒரு பிரதி அந்த ஒரு பக்கத் தாளின் பின்னாலும் வைத்தோம். மனசு மாறினால் எந்த நாளும் மாற்றி எழுதலாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை எடுத்து, ‘இப்பவும் இதேதானாம்மா?’ என்று கேட்டுத் தேதி போட்டுக்கொள்கிறேன்.